இடப்பக்கத்து மிருதங்கம்

அந்த வால்வைக் கையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, ஃபியூஸ் போன பல்பைப் போலக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது. நானும் அப்படித்தான் செய்தேன். அத்திம்பேர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பத்ரக்காரரே, அது கிலுகிலுப்பை இல்லையாக்கும்" என்றார். பத்திரிகையில் வேலை பார்த்த என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கட்டைவிரல் நீளமுள்ள கண்ணாடிக் குழல். உச்சியின் உட்புறத்தில் ரசம் பூசினதுபோல ஒரு பளபளப்பு. அடியில் வட்டமாக ஊசிக் கால்கள். உள்ளே சாம்பல் நிறத் தகடுகள், அவற்றின் நடுவே மின்சாரம் பாய்ந்தால் மட்டும் தெரிகிற ஒரு சிவந்த கோடு. பழைய ரேடியோப் பெட்டிகளுக்குள் இருந்தது இதுதான். ரேடியோவோடு இதுவும் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. ஹெட்போன் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களில் சிலர் இன்றைக்கும் வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்குள்ளும் இரண்டு கட்சி உண்டு. என்றோ செய்யப்பட்டு, யாரும் பயன்படுத்தாமல் அட்டைப் பெட்டியில் கிடந்த பழைய வால்வில்தான் குரல் குரலாக இருக்கிறது என்பது ஒரு கட்சி. இப்போதும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் செய்து வரும் புது வால்வு அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது இன்னொன்று. என் அக்காவின் கணவரான அத்திம்பேர் முதல் கட்சி.

அவர் தொலைபேசித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரையே தன் சுவராகக் கொண்ட ஒரு வீட்டில் அவரும் அக்காவும் இருக்கிறார்கள். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டிலும் அவர் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல், வாசல் அறை மேஜையில் தன் கையாலேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். டிபன் டப்பா அளவு இருக்கும். இடக் காதுக்கு ஒரு வால்வு, வலக் காதுக்கு ஒரு வால்வு, இரண்டும் மேல்புறம் கொம்புபோல நிற்கும். அதற்கான பழைய வால்வுகளை அவர் சாலைக் கடைத்தெருவில், காயலான் சாமான் விற்கும் கடையில் கண்டெடுத்தார். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அதில் அவர் துறையின் முத்திரை இருந்ததாம். ஆபீசில் இருந்த காலத்தில் வேண்டாம் என்று தாமே கழித்துக் கட்டியதை இப்போது தேடி வாங்க வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் மேஜையில் இரண்டு பிஸ்கட் டின்கள் இருக்கும். ஒன்றில் பழைய வால்வுகள், பஞ்சு வைத்துப் படுக்கவைக்கப்பட்டவை. மற்றதில் புதியவை. அந்தப் புது ஜோடி, மகள் அவருடைய பிறந்தநாளுக்கு அனுப்பியது. அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று யார் யாரிடமோ விசாரித்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அனுப்பியிருந்தாள். அவர் அதைப் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கேட்டுவிட்டு என்னிடம் தீர்ப்புச் சொன்னார். "நன்னாத்தான் இருக்கு. சுத்தம். இரைச்சலே இல்லை. ஆனா பாடறவா சாப்பிடாம வந்து உக்காந்து பாடறாப்பல இருக்கு, கேட்டேளா."

இதைச் சும்மா அபிப்பிராயமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல அவர். சோதித்துத்தான் சொல்வார். செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகையின் அலுவலகம் தம்பானூரில், வீடு கரமனையில். செவ்வாய் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில் என்பது பழக்கம். சாப்பாடு முடிந்ததும் சோதனை நடக்கும். அத்திம்பேர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை மடித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்வார். அக்கா ஆம்பை அணைத்து, சூடு ஆறும்வரை பொறுத்து, வால்வுகளைக் கழற்றி வேறு ஜோடியைச் செருகுவாள். சில தடவை கழற்றியதையே திரும்பச் செருகுவாள். அதுவும் அவர் போட்ட விதிதான். "மாத்தாமலே மாத்தின மாதிரி பண்ணு. நான் கற்பனை பண்றேனான்னு அப்பத்தான் தெரியும்." எந்த ஜோடியைச் செருகினாள் என்பதை அக்கா என்னிடம் மட்டும் சைகையில் காட்டுவாள். நான் சாட்சி. அத்திம்பேர் கேட்டுவிட்டுப் பழசு, புதுசு, மாற்றவில்லை என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். அக்கா சரி, தப்பு என்பாள்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்தவள். தெருவில் வளர்ந்த பையன்கள் பலர் அவளிடம் படித்தவர்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க யாருக்கும் கருணை மார்க் போட்டதில்லை என்பதை அவர்கள் இன்றும் கொஞ்சம் கசப்போடு சொல்வார்கள். அத்திம்பேருக்கும் அவள் போட்டதில்லை. "தப்பு" என்று அவள் சொல்லும்போது அந்தக் குரலில் வகுப்பறையின் சுண்ணாம்புத் தூள் வாசனை வரும். தொடக்கத்தில் அவர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். நானும் அந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருந்தது, எல்லாமே நன்றாக இருந்தது. பழசுக்கும் புதுசுக்கும் இடையில் எனக்கு எட்டின வித்தியாசம் எதுவும் இல்லை. அதைச் சொன்னபோது அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அக்கா கேட்டதில்லை. கேட்டுப் பார்க்கிறாயா என்று யாரும் அவளிடம் சொன்னதுமில்லை. அவள் வேலை மாற்றுவது.

சோதனைக்கு எப்போதும் ஒரே பதிவுதான். பழைய கச்சேரி ஒன்று. ஒரு பெண் குரல், பைரவி. அந்தக் கச்சேரியை அவர் நேரில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். யார் எங்கே இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஹெட்போனிலும் அப்படியே இருக்கும். பாடகி நடுவில், வயலின் வலப்பக்கம், மிருதங்கம் இடப்பக்கம்.

ஒரு கோடையின் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன்னால், அவர் ஒரு புகாரோடு என்னை எதிர்கொண்டார். "மிருதங்கக்காரர் எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிட்டார்" என்றார். இடப்பக்கம் மந்தமாக இருக்கிறதாம். ஆம்பில் அப்போது இருந்தது மகள் அனுப்பிய ஜோடி. எனவே சந்தேகம் இடப்பக்கத்து வால்வின் மேல் விழுந்தது. அவர் துறையில் பழுது பார்க்க ஒரு முறை இருந்தது. அதை அவர் வேதவாக்காக வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்ற எதையும் தொடாதே, பழுது கூடவே நகர்கிறதா என்று பார். அதன்படி இடது வால்வை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிச் செருகினார். வால்வு கெட்டிருந்தால் மந்தம் வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. மிருதங்கக்காரர் அடுத்த அறையிலேயே இருந்தார். பழைய ஜோடியைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அங்கேயே.

ஆகவே வால்வில் பழுதில்லை. வால்வு உட்காரும் சாக்கெட்டில்தான் பழுது என்று முடிவு செய்தார். கடல் காற்றில் பச்சை பிடித்திருக்கும் என்று சுத்தம் செய்தார். வயர்களை மறுபடி பற்றவைத்தார். கேபிளை மாற்றினார், பாட்டு ஓடும் பெட்டியையும் மாற்றினார். ஒவ்வொன்றாக, விதி தவறாமல். எதனாலும் ஒன்றும் ஆகாததால் கடைசியில் ஒரு காரணம் கண்டுபிடித்தார். புது வால்வுகளின் கால்கள் பழையவற்றைவிடத் தடிமன். அவை சாக்கெட்டின் ஓட்டைகளை அகட்டிவிட்டன. அதனால்தான் இப்போது பழைய வால்வும் சரியாகப் பிடிக்கவில்லை. கேட்கும்போது நம்பும்படியாகத்தான் இருந்தது. என் தொழிலில் நான் பார்த்த தவறான செய்திகளில் பல இப்படித்தான், ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும்.

அதை அவர் மகளிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அவள் வாராவாரம் லேண்ட்லைனில் கூப்பிடுவாள். அவர் ஸ்பீக்கரில் போடுவார்.

"உன் வால்வு என் ஆம்பையே கெடுத்துடுத்து" என்றார், எடுத்த எடுப்பில்.

"என் வால்வா? அப்பா, நானா அதைச் செஞ்சேன்?"

"கால் தடிமன். அளவு பார்த்து வாங்க வேண்டாமா? பார்க்காம என்னத்தையானும் அனுப்பறது."

"ஆசையா வாங்கினேன்ப்பா."

"ஆசை மதியா? அது மட்டும் போதுமா? சாக்கெட் போயிடுத்தே."

மகள் "செரி, வெச்சுடறேன்" என்றாள். அக்கா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தொலைபேசி ஒலிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். அவர் மத்தியானம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து மகள் அக்காவின் செல்போனுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். அத்திம்பேருக்கு அது தெரியாது, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "லைன் கெட்டிருக்கோ என்னமோ" என்பார். ரிசீவரை எடுத்து வலக் காதில் வைத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பார். வரும். வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுப்பார்.

இதற்கிடையே சோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. ஆடி மாதத்து மழை நாள் ஒன்றில், அக்கா பழைய ஜோடியைக் கழற்றி, துண்டில் பிடித்து ஆறவைத்து, அதையே திரும்பச் செருகினாள். என்னிடம் கையை மூடிக் காட்டினாள். மாற்றவில்லை என்று அதற்கு அர்த்தம். அத்திம்பேர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். "இது புதுசு. உயிரே இல்லை பாரு" என்றார்.

"சரி" என்றாள் அக்கா. "சரியாச் சொன்னேள்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டின்னை மூடினாள். அவர் கண்கட்டுக்குக் கீழே மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். "நீ மாத்தவேயில்லையே அக்கா?"

"எனக்குத் தெரியாதாடா?"

"பின்னே ஏன் சரின்னே?"

அவள் காபி டிகாக்ஷனை இறக்கி வைத்தாள். "ரொம்ப நாளா அப்படித்தான் சொல்லிண்டிருக்கேன். இப்போ அவர் சொல்றதுல பாதிக்கு மேல தப்பு. இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பறதில்லை, பார்த்திருக்கியோ? நான் சாப்பாட்டுல உக்காரற எடத்தையே மாத்திண்டுட்டேன். அவருக்கு அது ஏன்னு தெரியாது." டிகாக்ஷனை டம்ளரில் ஊற்றினாள். "காலம்பற எழுந்ததும் அந்தப் பாட்டுத்தான் அவருக்கு. ஒங்களுக்குக் காது போயிண்டிருக்குன்னு நான் எப்படிடா அவர்கிட்டப் போய்ச் சொல்றது?"

நான் அந்த வீட்டுக்கு வாராவாரம் போகிறவன். கவனிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். உணவு மேஜையில் அக்கா இடம் மாறி உட்கார்ந்ததை நானும் பார்த்திருந்தேன். மின்விசிறிக் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். அத்திம்பேருக்கோ அந்த எண்ணமே எழ வழியில்லை. ஆம்பில் பழுதாகக்கூடிய எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். காதை அவர் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது அவருக்கு அளக்கும் கருவி. அளக்கப்படும் பொருள் அல்ல. ஹெட்போனையும் திருப்பி மாட்டிப் பார்த்ததில்லை. அதில் இடது, வலது என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை மீறி மாட்டுவது அவருக்குச் சட்டையை உள்புறம் வெளியே திருப்பிப் போடுவதுபோல.

ஓணம் நெருங்கியது. மகள் இந்தத் தடவை லீவு கிடைக்காது என்று அக்காவிடம் சொன்னாள். அவள் குரலிலிருந்து லீவு கேட்கவேயில்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டதும் அக்கா பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டு வாசல் அறைக்கு வந்தாள். சோதனைக்கு அவளே அவர் கண்ணைக் கட்டினாள். ஆம்பை அணைத்து, வழக்கமாகக் காத்திருக்கும் அளவுக்குக் காத்திருந்தாள். வால்வுகளை அவள் தொடவில்லை. ஆம்பை மறுபடி போட்டாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, ஹெட்போனை அவள் கையாலேயே எடுத்து அவர் தலையில் மாட்டினாள். இடது வலதாகவும் வலது இடதாகவும்.

வால்வு சூடேறிக் குரல் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டார்!" என்றார். "மிருதங்கம் வந்துடுத்துடீ! என்ன சுகமா கேக்கறது... எந்த ஜோடி இது? பழசுதானே? நான் சொல்லலை?"

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம்போல இருந்தது. அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பாடகி ஒரு சங்கதியை முடித்து வயலினுக்கு இடம் விட்டாள்போலும். அவர் கை நின்றது.

"வயலின் எங்கே?" என்றார்.

ஹெட்போனின் வயர் எப்போதும் இடது காதுக் குடுவையிலிருந்து இறங்கி இடது தோள் வழியாக வரும். அவர் கை பழக்கத்தில் இடது தோளைத் தொட்டது. அங்கே வயர் இல்லை. மெல்ல வலது தோளுக்குப் போயிற்று. வயரைப் பிடித்துக்கொண்டு, அதை மேலே மேலே தடவி, குடுவைவரை போயிற்று. அங்கேயே நின்றது. கண்கட்டை அவர் அவிழ்க்கவில்லை.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதானே மாத்தணும்" என்றாள் அக்கா. "நான் ஒண்ணுதான் மாத்தியிருக்கேன்."

வெளியே மழைத் தண்ணீர் ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போனிலிருந்து கசிந்த பாட்டு எனக்குக்கூடக் கேட்டது.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாலேர்ந்து."

"அப்போ நீ எனக்குச் சரி சரின்னு சொன்னதெல்லாம்?"

"பொய்."

"எல்லாமா?"

"நீங்க நெஜமாவே சரியாச் சொன்னதும் உண்டு. எது எதுன்னு எனக்கே மறந்துபோச்சு."

அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்து, அதில் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். "டீச்சர் இப்படிப் பண்ணலாமா" என்று மட்டும் கேட்டார். அக்கா அதற்குத்தான் அழுதாள்.

அந்த வாரமே காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடிச் சுவர் வைத்த, ஓசை புகாத ஒரு சின்ன அறையில் அவரை உட்காரவைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். வெளியே ஒரு பெண் கருவியின் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவாள். உள்ளே ஓசை கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கை நன்றாகத் தெரியும். அவள் எப்போது அழுத்துகிறாள் என்று பார்த்துக் கையைத் தூக்கிவிடலாம். அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். தானாகவே கண்ணை மூடிக்கொண்டார். யாரும் மூடச் சொல்லவில்லை. வலக் காதுக்குக் கை உடனுக்குடன் எழுந்தது. இடக் காது வந்தபோது அவள் அழுத்தினாள், ஓசையைக் கூட்டினாள், மறுபடி அழுத்தினாள். அவர் கை முழங்காலின் மேல் அப்படியே இருந்தது. முகம் மட்டும், யாரோ தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கவனிப்பதுபோல முன்னால் நீண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காது நரம்பு தளர்ந்துவிட்டது, போனது திரும்பாது, கருவி வைத்துக்கொண்டால் பேச்சு கேட்கும் என்றார் மருத்துவர். எப்போதிலிருந்து என்று விசாரித்தார். அக்கா சொன்னாள். முன்பே வந்திருந்தால் என்று அவளே கேட்டாள். வந்திருந்தால் நல்லதுதான், ஆனால் வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா என்பதைச் சொல்ல முடியாது என்றார் அவர். நேர்மையான பதில். ஆனால் அக்காவுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். அவருக்கு வலப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோது அவர் பேசினார், சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

"நீ அப்பவே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்னா நெனைக்கறே? உன்னையும் அந்தச் சாக்கெட் மாதிரி கழட்டிச் சுத்தம் பண்ணியிருப்பேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். அக்கா சிரித்தாளா என்பது என் பக்கத்திலிருந்து தெரியவில்லை. தோள் அசைந்தது.

அன்று மாலை அவர் மகளைக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போடாமல் ரிசீவரை வலக் காதில் வைத்துக்கொண்டார். அதனால் அவர் பக்கம் மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. "ஃபால்ட் கண்டுபிடிச்சாச்சு" என்றார். "இல்லை, வால்வு இல்லை. சாக்கெட்டும் இல்லை. லைனெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. ஃபால்ட் சப்ஸ்கிரைபர் வீட்டுலயாக்கும்." அந்தப் பக்கம் அவள் புரியாமல் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தன் இடக் காதைப் பற்றிச் சொன்னார். பிறகு, "உன் வால்வு நன்னா இருக்கும்மா. ரெண்டும் நன்னா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவள் பேசியதை அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். நடுநடுவே "அழாதே, அழாதே" என்றார். அக்கா போய் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு சில மாதங்கள் ஆம்பின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. காதுக் கருவி வந்தது. பேச்சுக்கு உதவியது, பாட்டுக்கு உதவவில்லை. பாடகி தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுகிறாள் என்றார். செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் மூவரும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் அதுவரை நான் அறியாத மாதிரியான அமைதி அது. மார்கழியில் ஒரு நாள் போனபோது துணி விலகியிருந்தது. ஆம்ப் அடிப்புறம் மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. இடமும் வலமுமாகப் பிரிந்து வந்த இசையை ஒன்றாகக் கலந்து, இரண்டு வால்வுக்கும் முழுப் பாட்டையும் கொடுக்கும்படி வயர்களை மாற்றிக்கொண்டிருந்தார். இனி வயலினும் மிருதங்கமும் ஒரே காதில் கேட்கும். இதுவரை எந்தப் பக்கத்தில் யார் என்று பார்த்தவர், இனி யாரும் எந்தப் பக்கமும் இல்லாமல் கேட்கப்போகிறார். "மோசம்தான்" என்றார், பற்றவைக்கும் கோலை ஊதிக்கொண்டே. "எல்லாரையும் ஒரே பாயில உக்கார வெச்சாச்சு. ஆனா யாரும் எழுந்து போகலை, பாருங்கோ."

ஒரு காதுக்கு ஒரு வால்வு போதும் என்பதால் இன்னொரு வால்வு மிச்சமாயிற்று. அதற்கென்று தனியாக ஒரு துளை போட்டு, இரண்டாவது ஹெட்போன் செருகும்படி செய்தார். அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்த அக்காவின் தலையில் அதை வைத்தார். இத்தனை வருஷம் வால்வு மாற்றிப் போட்டவள் முதல்முதலாகக் கேட்டாள். அவள் முகத்தை இங்கே வருணிக்க நான் முயலவில்லை. பாட்டு முடிகிறவரை கரண்டி அவள் கையிலேயே இருந்தது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்; எல்லா நாளும் செவ்வாய்க்கிழமைதான். போன வாரம் மகள் லீவில் வந்திருக்கிறாள் என்று தெரிந்து போனேன். வாசல் மணியை அழுத்தினேன். உள்ளே மணி அடிப்பது எனக்குக் கேட்டது. யாரும் வரவில்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அத்திம்பேரும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில், கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பின் பின்னால் மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எனக்குக் காட்டினாள். ஒன்றில் ஒரு பழைய வால்வு, மற்றதில் ஒரு புது வால்வு. அப்படியானால் ஆம்பில் நிற்பதும் பழசு ஒன்று, புதுசு ஒன்று. யாருக்கு எது போகிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஹெட்போன் போட்டவர்கள் தங்களை அறியாமல் பேசும் அந்த உரத்த குரலில் அக்கா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஏன்னா! இது பழசுதானே?"

"தெரியலையேடீ!" என்றார் அத்திம்பேர், அவளைவிட உரக்க. எதிர் வீட்டு மாமி வாசலுக்கு வந்து பார்த்தாள். "உனக்குத் தெரியறதா?"

"எனக்கும் தெரியலை!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் மணியை மறுபடி அழுத்தவில்லை. பழவங்காடிவரை நடந்துபோய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தேன்.